கொல்ல வந்த படகும் காண வந்த படகும்: பாஹா கலிபோர்னியக் காயல்களின் வரலாறு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் முடியும் எல்லையிலிருந்து தென்கிழக்காக ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பாஹா கலிபோர்னியா தீபகற்பம் மெக்சிகோ நாட்டைச் சேர்ந்தது. அதன் மேற்கில் பசிபிக் பெருங்கடலும், கிழக்கில் கலிபோர்னியா வளைகுடா என்றும் கோர்த்தெஸ் கடல் என்றும் வழங்கும் ஒடுங்கிய கடலும் அமைந்திருக்க, நடுவில் உள்ள நிலம் கள்ளிகள் மண்டிய வறள்நிலமாகவே இருக்கிறது. நிலத்திற்கு வாய்க்காத வளம் இருபுறக் கடலுக்கும் வாய்த்திருப்பதால், குளிர்காலந்தோறும் சான் டியேகோ முதலிய துறைமுகங்களிலிருந்து சொந்தப் பாய்மரப் படகுகளிலும் இயந்திரப் படகுகளிலும் தெற்கே இறங்கி வருவோர், வழியில் திமிங்கலங்களையும், வளைகுடாவுக்குள் நுழைந்தபின் கடற்சிங்கங்களையும் கொம்புத் திருக்கைகளையும் திமிங்கலச் சுறாக்களையும் காண்கின்றனர். முகத்தில் நீர்க்கண்ணாடி அணிந்து, வாயில் ஸ்நார்க்கல் எனப்படும் சுவாசக் குழலைக் கவ்விக்கொண்டு, நீர்மட்டத்தில் குப்புற மிதந்தபடி அவ்வுயிர்களைப் பார்ப்பது இன்று அக்கரையின் பெருந்தொழில்களுள் ஒன்றாகிவிட்டது. ஆயினும் இவ்வழக்கத்தின் வயது இரண்டு மூன்று தலைமுறைக்கு மேற்பட்டதன்று. இன்று காண்பதற்காகப் படகுகள் செல்லும் அதே காயல்களுக்கும் அதே தீவுகளுக்கும், அதற்கு முன் நெடுங்காலம் கொல்வதற்காகவே படகுகள் சென்றன. ஒரே நீரில், ஏறத்தாழ ஒரே அளவுள்ள சிறு படகில், ஒரே விலங்கை நெருங்கும் செயல் எவ்வாறு இவ்வளவு வேறுபட்ட பொருளைப் பெற்றது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

வரலாற்றின் நடுவே நிற்கும் உயிர் சாம்பல் திமிங்கலம். முழு வளர்ச்சி பெற்றபின் 13 முதல் 15 மீட்டர் நீளமுடைய இவ்விலங்குக்குப் பற்கள் இல்லை. மேல்தாடையிலிருந்து சீப்புப் போலத் தொங்கும் கொம்புத் தகடுகள் வழியே சேற்றையும் நீரையும் வடித்துவிட்டு, அதில் தங்கும் இறால் வகைச் சிற்றுயிர்களை உண்ணும். பிற பெருந்திமிங்கலங்கள் பெரும்பாலும் நீரின் நடுப்பகுதியில் இரை தேட, இது ஆழமற்ற கடலின் தரையை உழுது இரை எடுப்பது. அதனால் கரையை ஒட்டியே வாழ்வது. கோடையில் அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடைப்பட்ட பேரிங், சுக்சி கடல்களில் உண்டு கொழுத்து, இலையுதிர்காலத்தில் தெற்கே புறப்பட்டு, 8,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை நீந்திக் கடந்து, பாஹா கலிபோர்னியாவின் மேற்குக் கரைக் காயல்களை அடைகிறது. மணல்திட்டுகளால் கடலிலிருந்து மறைக்கப்பட்டு, ஒடுங்கிய வாயின் வழியே மட்டும் கடலோடு தொடர்புகொண்ட அமைதியான உப்புநீர்ப் பரப்புகளே இங்குக் காயல் எனப்படுகின்றன. ஓஹோ தே லியெப்ரே, சான் இக்னாசியோ, மாக்தலேனா விரிகுடா ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. ஓராண்டுக்குச் சற்று மேல் கரு சுமக்கும் தாய்த் திமிங்கலங்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இங்கே கன்று ஈன்று, கன்று நீண்ட பயணத்திற்குத் தேறும்வரை பாலூட்டி, பிற திமிங்கலங்கள் வடக்கே திரும்பியபின்னும் ஏப்ரல் வரை தங்கிவிடுகின்றன. அலையும் ஆழமும் குறைந்த நீர் கன்றைக் காக்கிறது. அதே ஆழமின்மைதான் பிற்காலத்தில் தாயைப் பொறியில் அகப்பட்டது போலாக்கியது.

அட்லாண்டிக் பெருங்கடலிலும் இவ்வினம் முன்னர் வாழ்ந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் அங்கே அற்றுப்போயிற்று. பசிபிக்கில் அதன் கேடு 1845-46 குளிர்காலத்தில் தொடங்கியது. வடக்குக் கடல்களில் கோடை வேட்டை முடித்த அமெரிக்கத் திமிங்கலக் கப்பல்கள், அடுத்த பருவம் வரும்வரை ஆட்களைச் சும்மா வைத்திருக்க விரும்பாமல் மாக்தலேனா விரிகுடாவுக்குள் நுழைந்து வேட்டையாடின. சாம்பல் திமிங்கலத்தின் எண்ணெய் உயர்ந்த தரமுடையதன்று. அதன் தாடைத் தகடுகளும் குட்டையானவை, சந்தையில் அதிக விலை பெறாதவை. ஆயினும் தேடி அலைய வேண்டாத வேட்டை என்பதால் கப்பல் முதலாளிகளுக்கு அது கட்டுபடியாயிற்று.

இவ்வேட்டையை அதன் உச்சத்திற்குக் கொண்டுசென்றவர் சார்ல்ஸ் மெல்வில் ஸ்காமன். மெய்ன் மாநிலத்தில் 1825-இல் பிறந்து, தங்க வேட்டைக் காலத்தில் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்த இக்கப்பல் தலைவர், 1857-ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டன் என்ற கப்பலையும் மரின் என்ற சிறிய துணைக் கப்பலையும் கொண்டு, அதுவரை எந்த வேட்டைக் கப்பலும் புகாத ஓஹோ தே லியெப்ரே காயலின் ஆபத்தான வாயைக் கடந்து உள்ளே சென்றார். தொடக்க நாள்கள் அவருக்குத் தோல்வியாகவே அமைந்தன. தாய்த் திமிங்கலங்கள் வாலால் அடித்துப் படகுகளை உடைத்தன. மாலுமிகள் பலர் காயமுற்றனர். எஞ்சியோர் மீண்டும் படகேற அஞ்சினர். திமிங்கல வேட்டையர் இவ்வினத்திற்குப் பேய்மீன் என்று பெயரிட்டதும் இத்தகைய எதிர்ப்பால்தான். கன்றைக் காக்கத் திரும்பித் தாக்கிய தாயைப் பேய் என்று அழைத்த அப்பெயர், வேட்டையரின் அச்சத்தைக் காட்டும் அளவுக்கு விலங்கின் இயல்பைக் காட்டவில்லை.

தோல்வியை வெற்றியாக்கியது வெடியீட்டி. தோளில் தாங்கிச் சுடும் கனத்த துப்பாக்கியிலிருந்து பாய்ந்து, திமிங்கலத்தின் உடலுக்குள் சென்றபின் வெடிக்கும் இவ்வாயுதத்தைக் கொண்டு, ஸ்காமனின் ஆட்கள் கால்வாயின் ஓரத்தில், திமிங்கலம் நெருங்க முடியாத ஆழமற்ற நீரில் படகை நங்கூரமிட்டுக் காத்திருந்து, அவ்வழியே கடந்து செல்லும் விலங்குகளைச் சுட்டனர். எறியீட்டி வேட்டையில் மனிதனுக்கும் ஓரளவு ஆபத்து இருந்தது. இம்முறையில் ஆபத்து ஏறத்தாழ முழுவதும் ஒரே பக்கத்தைச் சேர்ந்ததாயிற்று. எண்ணெய்ப் பீப்பாய்கள் நிரம்பின. அடுத்த குளிர்காலத்தில் அவர் ஓஷன் பேர்ட் என்ற பெரிய கப்பலோடு திரும்பியபோது, இரகசியம் வெளியாகிப் பிற கப்பல்களும் பின்தொடர்ந்தன. அவற்றைத் தொடர்ந்து சான் இக்னாசியோ காயலும் வேட்டைக்களமாயிற்று. அக்காலத்தில், 1858-இல், ஓஹோ தே லியெப்ரேக்கு அருகில் உடைந்த பிளாக் வாரியர் என்ற கப்பலின் பெயரைத்தான் ஸ்பானிய வடிவில் குவெர்ரெரோ நேக்ரோ என்று இன்றைய உப்பளத் தொழில் நகரம் தாங்கி நிற்கிறது.

கன்றுகள் பெரும்பாலும் எண்ணெய்க்காகக் கொல்லப்படவில்லை. எனினும் கன்றை முதலில் காயப்படுத்தினால் தாய் விலகிச் செல்லாது என்பதை வேட்டையர் அறிந்திருந்தனர். தாய் இறந்தபின் பாலின்றிக் கன்றும் இறந்தது. ஈனும் இடத்திலேயே ஈனும் பெண்விலங்குகளைக் கொன்றதால் ஓர் உயிரோடு அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் அழிந்தன. இருபது ஆண்டுகளுக்குள் காயல்கள் வெறுமையாகி, வேட்டை தானாகவே நின்றது. இக்கொலைகளின் முதல் பெரும் ஆவணத்தை எழுதியவரும் ஸ்காமனே. வேட்டையிலிருந்து விலகி அமெரிக்க அரசின் சுங்கக் காவல் கப்பற்படையில் பணியாற்றிய காலத்தில் திமிங்கலங்களை அளந்து, வரைந்து, குறிப்பெடுத்து, வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள கடல் பாலூட்டிகளைப் பற்றிய தம் நூலை 1874-இல் சான் பிரான்சிஸ்கோவில் வெளியிட்டார். 1846 முதல் கொல்லப்பட்ட சாம்பல் திமிங்கலங்கள் ஏறத்தாழ 10,800 என்று அதில் கணக்கிட்டதோடு, இவ்வினம் பசிபிக்கின் அழிந்துபட்ட உயிர்களுள் ஒன்றாகச் சேர நெடுங்காலம் ஆகாதோ என்ற ஐயத்தையும் அவர் எழுப்பினார். அழித்த கையே அழிவைக் கணக்கிட்டு எழுதியதை மனமாற்றம் என்று எளிதில் கூறிவிட முடியாது. ஆயினும் அந்நூல் இல்லாதிருந்தால் பின்வந்தோருக்குக் காயல்களின் பழைய நிலை தெரிந்திருக்காது. இன்றும் இவ்வினத்தைப் பற்றிய ஆய்வு அங்கிருந்தே தொடங்குகிறது.

இழப்பு ஓரளவு ஈடாகி வந்த வேளையில், 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில், கடலிலேயே திமிங்கலத்தை வெட்டி எண்ணெய் காய்ச்சும் ஆலைக்கப்பல்கள் மாக்தலேனா விரிகுடாப் பக்கம் வந்து இரண்டாம் முறையாக வேட்டையாடின. 1937-இல் லண்டனில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை சாம்பல் திமிங்கலத்தை வணிகத்திற்காகக் கொல்வதைத் தடை செய்தது. 1946-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் திமிங்கல வேட்டை ஒழுங்குமுறை உடன்பாடு அத்தடையைத் தொடர்ந்தது. பாதுகாப்பு இவ்வாறு தொலைதூரத் தலைநகரங்களில் எழுதப்பட்டபோது, காயல்களில் அதை அறிந்தோரோ கண்காணித்தோரோ இருக்கவில்லை.

கொல்லும் நோக்கமின்றி அங்கே சென்ற முதற் படகுகள் அறிவியலாருடையவையும் வசதி படைத்தோருடையவையும் ஆகும். பல வேளைகளில் இரு சாராரும் ஒரே படகில் சென்றனர். 1946-இல் திரைப்பட நடிகர் எரோல் ஃபிளின் தம் சொந்தப் பாய்மரக் கப்பலான சாக்காவில் மெக்சிகோ கரை வழியே சென்றபோது, ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த மீனியல் அறிஞர் கார்ல் ஹப்ஸ் அதில் உடன் சென்றார். அதே ஹப்ஸ்தான் அந்நிறுவனத்தின் மாடியிலிருந்து கடந்து செல்லும் சாம்பல் திமிங்கலங்களை எண்ணும் வழக்கத்திற்கு வித்திட்டார். 1950-இல் சான் டியேகோவின் லோமா முனையிலுள்ள காப்ரில்லோ நினைவிடத்தில் பொதுமக்கள் நின்று திமிங்கலம் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. 1955-இல் அதே நகரில், ஆளுக்கு 1 டாலர் பெற்றுக்கொண்டு திமிங்கலத்தைக் காட்டும் படகுப் பயணம் தொடங்கியது. எண்ணெய்க்காக அன்றி, பார்வைக்காக உயிருள்ள திமிங்கலத்திற்கு விலை குறிக்கப்பட்ட தொழில் இங்கிருந்தே வளர்ந்தது.

ஆனால் ஆர்வம் என்பது தீங்கற்றதாகவே இருக்கும் என்று கருதுவதற்கில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மருத்துவம் பார்த்த புகழ்பெற்ற இதயநோய் வல்லுநர் பால் டட்லி வொயிட், பேருடலின் இதயம் எவ்வளவு மெதுவாகத் துடிக்கும் என்பதை அறிய விரும்பி, 1956-இல் ஓஹோ தே லியெப்ரே காயலுக்குச் சென்றார். உயிருள்ள திமிங்கலத்தின் உடலில் சிறிய ஈட்டி வழியே மின்முனைகளைப் பதித்து இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் அம்முயற்சியில், தாய்த் திமிங்கலம் ஒன்று குழுவின் சிறு படகைத் தாக்கிச் சேதப்படுத்தியது. ஆய்வும் எதிர்பார்த்த அளவுக்குப் பயன் தரவில்லை. ஸ்காமன் கண்ட எதிர்ப்பு நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படியே இருந்தது. பெர்ரி மேசன் துப்பறியும் கதைகளை எழுதிய ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர் அதே காயலுக்குத் தம் நண்பர் குழுவோடு சென்று, அப்பயணத்தைப் பற்றி 1960-இல் தனி நூலே வெளியிட்டார். இத்தகைய எழுத்துகளால் காயலின் பெயர் பரவியது. பரவிய அளவுக்குச் சிறு படகுகளின் வரவும் பெருகியது. 1971 மார்ச் மாதம் இதே காயலில் பிடிக்கப்பட்ட பெண் கன்று ஒன்று, ஜிஜி என்று பெயரிடப்பட்டு, சான் டியேகோவின் காட்சிக்குளத்தில் ஓராண்டு வைக்கப்பட்டு, வளர்ச்சி மிகுந்து இடம் போதாமற்போகவே 1972 மார்ச் மாதம் கடலில் விடப்பட்டது.

1972-ஆம் ஆண்டை இவ்வரலாற்றின் திருப்பம் என்று கொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. அவ்வாண்டு ஜனவரியில் மெக்சிகோ அரசு ஓஹோ தே லியெப்ரே காயலைத் திமிங்கலப் புகலிடமாக அறிவித்தது. திமிங்கலத்திற்கென்றே ஒரு நாடு ஒதுக்கிய முதற் புகலிடம் அதுவே. அதே குளிர்காலத்தில் சான் இக்னாசியோ காயலில், பச்சிக்கோ என்று அழைக்கப்பட்ட பிரான்சிஸ்கோ மயோரால் என்ற மீனவரின் படகருகே சாம்பல் திமிங்கலம் ஒன்று எழுந்து நின்றது. பங்கா என்பது அக்கரை மீனவரின் திறந்த சிறு படகு. திமிங்கலம் நெருங்காதிருக்கும் பொருட்டுப் பங்காவின் பக்கப் பலகையைத் தட்டி ஓசை எழுப்புவதே அதுவரை மீனவரின் வழக்கமாக இருந்தது. பேய்மீன் என்ற அச்சம் அவர்களிடமும் வேரூன்றியிருந்தது. விலகிப் போகாமல் படகைச் சுற்றிச் சுற்றி வந்த அவ்விலங்கை மயோரால் கைநீட்டித் தொட்டார். அது அமைதியாக இருந்தது.   அடுத்த சில ஆண்டுகளில், குறிப்பாக 1976-க்குப் பின், இத்தகைய நெருக்கம் பல படகுகளுக்கு வாய்த்தது. 1977 முதல் 1982 வரை சான் இக்னாசியோவில் தங்கி ஆராய்ந்த ஸ்டீவன் சுவார்ட்ஸ், மேரி லூ ஜோன்ஸ் ஆகிய இருவரும் படகை நாடி வரும் திமிங்கலங்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடியதைப் பதிவு செய்தனர்.

திமிங்கலங்கள் ஏன் படகை நாடுகின்றன என்பதற்கு உறுதியான விடை இல்லை. உடலில் ஒட்டியிருக்கும் கொட்டலசும் திமிங்கலப் பேனும் உண்டாக்கும் அரிப்புக்கு உராய்வு இதம் தரலாம் என்றும், மெதுவாக ஓடும் இயந்திரத்தின் ஓசை அவற்றை ஈர்க்கலாம் என்றும், கன்றின் விளையாட்டு ஆர்வத்தைத் தாய் தடுக்காதிருக்கலாம் என்றும் கருத்துகள் உண்டு. சில வேளைகளில் தாய் தன் கன்றை முதுகால் தாங்கிப் படகை நோக்கி உயர்த்துவதும் காணப்பட்டிருக்கிறது. மனிதனின் பழைய கொடுமைகளை மன்னித்துத் திமிங்கலம் நட்புக்கரம் நீட்டியது என்று சுற்றுலா நூல்கள் எழுதுவது, ஒரு காட்டுயிரின் செயலுக்கு மனிதனின் ஆறுதலுக்கேற்ற பொருளைக் கற்பிப்பதாகும். உறுதியாகச் சொல்லத்தக்கது வேறு: 1857-இல் படகை உடைத்த திமிங்கலமும், 1972-இல் தன்னைத் தொடவிட்ட திமிங்கலமும் இயல்பில் வேறுபட்டவை அல்ல. கன்று தாக்கப்படும் இடத்தில் தாய் போரிடுகிறது. தாக்கப்படாத இடத்தில் ஆராய்ந்து பார்க்கிறது. எனவே பேய்மீன் என்ற பெயர் எந்தச் சூழலில் பிறந்ததோ, அச்சூழலை உண்டாக்கியவர் படகிலிருந்தவரே.

இந்நெருக்கத்தை மீனவர் சமூகம் கையாண்ட முறையே பெரிதும் போற்றத்தக்கது. சான் இக்னாசியோ 1979-இல் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1988-இல் இரு காயல்களையும் உள்ளடக்கிய எல் விஸ்காயினோ உயிர்க்கோளக் காப்பகம் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்தது. 1993-இல் யுனெஸ்கோ அக்காயல்களை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. திமிங்கலம் பார்க்கும் பருவத்தில் உரிமம் பெற்ற உள்ளூர் பங்காக்கள் மட்டுமே காட்சிப் பகுதிக்குள் செல்லலாம். சொந்தப் படகில் வருவோர் அதை ஒதுக்கிய இடத்தில் நங்கூரமிட்டுவிட்டு உள்ளூர்ப் படகில் ஏற வேண்டும். சான் இக்னாசியோவில் ஒரே நேரத்தில் 16 படகுகளுக்கு மேல் காட்சிப் பகுதியில் இருப்பதில்லை. தாயும் கன்றும் தங்கும் உட்பகுதி முற்றிலும் மூடப்பட்டுள்ளது. திமிங்கலத்தைத் துரத்துவதற்கும், நீரில் இறங்கி அதனருகே நீந்துவதற்கும் அனுமதி இல்லை. படகோட்டி இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பார். வருவதும் வராததும் விலங்கின் விருப்பம். வெடியீட்டியோடு கால்வாய் ஓரம் காத்திருந்த காத்திருப்புக்கும் இதற்கும் உள்ள தொலைவைச் சட்டத்தின் சொற்களைவிட மீனவரின் ஒழுங்கே நன்கு காட்டுகிறது.

இவ்வொழுங்குக்குச் சோதனை உப்பின் வடிவில் வந்தது. குவெர்ரெரோ நேக்ரோவில் 1954 முதல் கடல்நீரை ஆவியாக்கி உப்பு எடுக்கும் நிறுவனத்தில் மெக்சிகோ அரசுக்கு 51 விழுக்காடும் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்திற்கு 49 விழுக்காடும் பங்கு இருந்தன. 1990-களின் நடுவில், சான் இக்னாசியோ காயலின் கரையிலும் பெரும் உப்பளம் அமைக்க அந்நிறுவனம் திட்டமிட்டது. கவிஞர் ஓமெரோ அரிதிஹிஸ் தலைமையிலான நூற்றுவர் குழுவும், அமெரிக்கச் சூழல் அமைப்புகளும், காயல்கரை மீனவரும் எதிர்த்து நிற்க, ஐந்தாண்டுப் போராட்டத்திற்குப் பின் குடியரசுத் தலைவர் எர்னெஸ்தோ செதியோ 2000 மார்ச் 2 அன்று அத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். உப்பளம் திமிங்கலத்தை நேரடியாக அழித்துவிடும் என்று எதிர்ப்பாளர் சிலர் கூறியதற்கு வலுவான சான்று இல்லை. ஓஹோ தே லியெப்ரேயில் உப்பளமும் திமிங்கலமும் ஒருங்கே இருந்து வருகின்றன. எனினும் தொழிற்சாலை இன்றி ஒரு காயலாவது இருக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு அறிவியல் சான்று தேவைப்படவில்லை. அது தன்னளவிலேயே நியாயமானது.

தீபகற்பத்தின் கிழக்குக் கடலில் வரலாறு வேறு வழியில் சென்றது. அங்கே முதலில் தேடப்பட்டது முத்து. ஸ்பானியர் வந்த 16-ஆம் நூற்றாண்டு முதல் லா பாஸ் நகரைச் சுற்றிய முத்துப்பார்களில் பழங்குடியினர் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்தனர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலோகத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் உடைய மூழ்குடை வந்தபின், மூச்சுக்கு எட்டாத ஆழத்துச் சிப்பிகளும் எடுக்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் அரசு பார்களை ஆய்ந்து, சிப்பி முதிராத ஆண்டுகளில் குளிப்பை நிறுத்திவைத்த முறை இங்கே வலுப்பெறவில்லை. காஸ்தோன் விவெஸ் என்பவர் எஸ்பிரித்து சாந்தோ தீவில் கல்லால் கால்வாய்கள் கட்டி, 1903 முதல் சிப்பியைப் பெருமளவில் வளர்த்துக் காட்டினார். 1914-இல் மெக்சிகோ புரட்சியின் கலவரத்தில் அப்பண்ணை அழிந்தது. அக்கற்சுவர்களின் எச்சத்தை அத்தீவில் நங்கூரமிடுவோர் இன்றும் காணலாம். 1940 வாக்கில் இயற்கைப் பார்களும் வறண்டுவிட்டன.

1940 மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கும் கடலுயிரியலாளர் எட் ரிக்கெட்ஸும் வெஸ்டர்ன் ஃபிளையர் என்ற மத்தி மீன்பிடிப் படகை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு இவ்வளைகுடாவைச் சுற்றி வந்தனர். நீர் வற்றும் வேளையில் பாறை இடுக்குகளில் தேங்கும் குட்டைகளில் இருந்து 500-க்கும் மேற்பட்ட வகை உயிர்களை அவர்கள் திரட்டினர். 1941-இல் வெளியான அவர்களது நூல் இக்கடலை உலகுக்கு அறிமுகம் செய்தது. ஆழ்ந்த பரிவோடு எழுதப்பட்ட அந்நூலிலேயே, படகினர் கொம்புத் திருக்கைகளை எறியீட்டியால் குத்த முயன்று, கயிறு அறுந்து தோற்ற செய்தியும் இடம்பெறுகிறது. குவாய்மாஸ் அருகே கடல்தரையை வாரி எடுத்த ஜப்பானிய இறால் இழுவைக் கப்பல்களைக் கண்டு வருந்திய அதே மனிதர்கள், பெரிய உயிரைக் கண்டதும் ஈட்டியை எடுத்தனர். நீருக்கு மேலிருந்து பார்ப்பவருக்குக் கொம்புத் திருக்கை பரந்த கரிய நிழலாகவே தெரியும். அது யாரையும் தாக்காத, மிதவையுயிர்களை வடித்து உண்ணும் விலங்கு என்பது நீருக்குள் தலை தாழ்த்திப் பார்த்த தலைமுறைக்கே விளங்கியது.

அத்தலைமுறைக்கு வழியமைத்தவை எளிய கருவிகள். நீர்க்கண்ணாடி, சுவாசக் குழல், கால்துடுப்பு ஆகிய மூன்றும் 1930-களில் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் மீன் குத்தும் பொழுதுபோக்காக உருப்பெற்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவில் பரவின. வளைகுடாவுக்கு முதலில் வந்த படகுக்காரர் தூண்டில் விளையாட்டுக்காகவே வந்தனர். 1973-இல் தீபகற்பம் முழுவதையும் இணைக்கும் நெடுஞ்சாலை நிறைவுற்றபின், வண்டியின் பின்னே படகை இழுத்துக்கொண்டு வருவோரின் தொகை பெருகியது. தூண்டிலோடு நீர்க்கண்ணாடியும் வந்தது. எஸ்பிரித்து சாந்தோவுக்கு வடக்கேயுள்ள லோஸ் இஸ்லோதெஸ் பாறைகளில், முன்பு எண்ணெய்க்கும் தோலுக்கும் கொல்லப்பட்ட கடற்சிங்கங்களின் குட்டிகள் மிதப்போரின் கால்துடுப்பைக் கடித்து விளையாடுவது இன்று அக்கடலின் பெயர்பெற்ற காட்சி. இனப்பெருக்கக் காலமான கோடையில் அங்கே நீந்துவதற்குத் தடை உண்டு. பீட்டர் கிளிம்லி என்ற ஆய்வாளர் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அருகிலுள்ள எல் பாஹோ கடலடி மலையின் மேல், காற்றுக் கலத்தின் குமிழிகள் கலைத்துவிடும் என்பதால் மூச்சடக்கியே மூழ்கி, நூற்றுக்கணக்கில் கூடி வட்டமிடும் கொம்பன் சுறாக்களை ஆராய்ந்தார். அக்கூட்டங்கள் சில பத்தாண்டுகளில் வலைகளாலும் நெடுந்தூண்டில்களாலும் அருகிவிட்டன. கண்டவர் விரும்பினர் என்பதால் மட்டும் அவை காக்கப்படவில்லை.

அதற்கு மாறான சான்று தெற்கேயுள்ள காபோ புல்மோ. முத்துக்குளித்த குடும்பம் ஒன்றின் வழிவந்த மீனவர் வாழும் இச்சிற்றூரின் முன்னே பழமையான பவளப்பாறைகள் உள்ளன. மீன்வளம் குன்றியதை உணர்ந்த அவ்வூராரே பல்கலைக்கழக ஆய்வாளரோடு சேர்ந்து வேண்டியதன் பேரில், 1995-இல் 71 சதுர கிலோமீட்டர் கடல் தேசியப் பூங்காவாயிற்று. சட்டம் ஒரு பகுதியில் மட்டும் மீன்பிடிப்பைத் தடுத்திருக்க, ஊரார் முழுப் பரப்பிலும் பிடிப்பதை நிறுத்தினர். 1999-க்கும் 2009-க்கும் இடையே அங்குள்ள மீன்களின் மொத்த எடை 463 விழுக்காடு பெருகியதாக 2011-இல் வெளியான ஆய்வு நிறுவியது. பிழைப்புக்கு மாற்றாக அவர்கள் கைக்கொண்டது, பார்க்க வருவோரைப் படகில் ஏற்றிச் செல்லும் தொழில். பெரும் விடுதி நகரம் ஒன்றை அருகில் எழுப்பும் திட்டம் அவர்களது எதிர்ப்பால் 2012-இல் நீக்கப்பட்டது.

மேற்குக் காயல்களின் நிலை அண்மையில் மாறி வருகிறது. 1994-இல் அமெரிக்காவின் அழியும் உயிர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்படும் அளவுக்குத் தேறிய கிழக்குப் பசிபிக் சாம்பல் திமிங்கலங்கள், 2016 வாக்கில் 27,000-ஐ எட்டின. 2019 முதல் கரையொதுங்கிய மெலிந்த உடல்கள் பெருகின. ஆர்க்டிக் கடல் வெப்பமுற்று, பனி குறைந்து, கடல்தரையில் வாழும் இரை சிதைந்ததே முதன்மைக் காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். பசித்த தாய் கரு தாங்குவதில்லை. சான் இக்னாசியோவுக்கு வரும் கன்றுகளின் எண்ணிக்கையும் வீழ்ந்தது. சைபீரியாவின் சுக்கோத்கா பழங்குடியினர் உணவுக்காக ஆண்டுதோறும் பன்னாட்டு ஒதுக்கீட்டின்படி நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கொல்வதும், மயோராலின் ஊரார் அதே மந்தையைக் காட்டிப் பிழைப்பதும் ஒரே கணக்கில் அடங்கியவை; காயலில் எவ்வளவு ஒழுங்காகப் படகு செலுத்தினாலும் வடகோடியில் நேரும் பசியை அது ஈடுசெய்யாது. கலிபோர்னியாவின் நடுக்கரையில் 1967 முதல் தெற்கே செல்லும் திமிங்கலங்களைக் குன்றின் மேலிருந்து எண்ணி வரும் அமெரிக்க அரசு ஆய்வாளர், 2025-ஆம் ஆண்டின் எண்ணிக்கையை ஏறத்தாழ 13,000 என்று மதிப்பிட்டனர். 1970-களுக்குப் பின் பதிவான மிகக் குறைந்த அளவு அது.